வாசகர் சொல் யார் வசம்?

2009 டிசம்பர் கடைசியில், வாசகர் மறுமொழிகளுக்கு ஹாலோஸ்கேன் சேவையை நம்பியிருந்த வலைப்பதிவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. ஹாலோஸ்கேனை விலைக்கு வாங்கியிருந்த ஜேஎஸ்-கிட் நிறுவனம் பழைய இலவசச் சேவையை மூடிவிட்டு, எக்கோ என்ற கட்டணச் சேவைக்கு எல்லோரையும் மாற்றப்போகிறது என்பதுதான் செய்தி. ஆண்டுக்குச் சுமார் 10 டாலர் கட்டினால் தொடரலாம். கட்ட விருப்பமில்லாதவர்கள், சேர்ந்திருக்கும் மறுமொழிகளை ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டு கிளம்பலாம். அவகாசம் மிகக் குறைவு. அறிவிப்பு கண்ணில் படாதவர்கள், பதிவெழுதுவதையே விட்டுவிட்டவர்கள், கோப்பை வைத்து என்ன செய்வதென்று புரியாதவர்கள் ஆகியோரின் பக்கங்களில் ஆண்டுக்கணக்காக நடந்த விவாதங்கள் அத்தோடு போயின. கட்டணம் கட்டித் தொடர்ந்தவர்களுக்கும் நிம்மதி நீடிக்கவில்லை. 2012 அக்டோபரில் எக்கோவும் மூடப்பட்டது.

மறுமொழி மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு எழும்போதெல்லாம் தோற்றம், வேகம், எரித வடிகட்டி, உள்நுழையும் வசதி, மாதச் செலவு என்றுதான் கேள்விகள் வரிசைகட்டுகின்றன. இந்த மென்பொருள்களின் கால் நூற்றாண்டு வரலாறு இவற்றுக்கெல்லாம் முன்னால் வேறொரு கேள்வியை வைக்கிறது. வாசகர் எழுதியது எங்கே சேமிக்கப்படுகிறது, நாளை வேறிடம் போக வேண்டியிருந்தால் அதை முழுதாக எடுத்துக்கொண்டு போக முடியுமா? திறமூல மென்பொருளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் மற்ற காரணங்கள் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சமாகவே படுகின்றன. இலவசம் என்பது பெரிய காரணமே அல்ல. ஹாலோஸ்கேனும் இலவசமாகத்தான் கிடைத்தது.

அச்சு உலகத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை. 1713இல் ஜோசப் அடிசன் கார்டியன் இதழுக்கு வரும் வாசகர் கடிதங்களுக்காக லண்டனில் பட்டன் காபிக் கடையில் சிங்க முகம் ஒன்றை வைத்தார். அதன் வாயில் கடிதத்தைப் போட வேண்டும். தேர்ந்தெடுத்தவை இதழில் அச்சாகும். பெட்டியும் ஆசிரியருடையது, இதழும் ஆசிரியருடையது. அச்சானதோ இதழோடு சேர்ந்தே நூலகத்துக்குப் போனது. தமிழ் இதழ்களின் ‘ஆசிரியருக்குக் கடிதம்’ பகுதியும் அப்படித்தான். பழைய இதழ்த் தொகுப்பைப் புரட்டினால் கட்டுரையும் அதற்கு வந்த மறுப்பும் ஒரே கட்டுக்குள் கிடைக்கின்றன. எழுத்தாளரின் சொல்லையும் வாசகரின் சொல்லையும் இருவேறு இடங்களில் வைக்கும் ஏற்பாடு இணையத்தில்தான் பிறந்தது. அதுவும் யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

தொடக்கத்தில் இணையத்திலும் எல்லாம் ஒரே இடத்தில்தான் இருந்தன. 1997இல் ராப் மால்டா தொடங்கிய ஸ்லாஷ்டாட் தளத்தில் செய்தியைவிட மறுமொழிக்கே மதிப்பு. ஒவ்வொரு மறுமொழிக்கும் -1 முதல் 5 வரை வாசகர்களே மதிப்பெண் போடும் முறையை அந்தத் தளம் வளர்த்தெடுத்தது. தளத்தை இயக்கிய ஸ்லாஷ் நிரலையும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. 1998இல் வந்த ஓப்பன் டைரி, நாட்குறிப்புகளுக்குக் கீழே படிப்பவர் எழுதும் வசதியைத் தந்தது. ஆனால் வலைப்பதிவை உலகம் முழுக்கப் பரப்பிய பிளாகர் 1999இல் தொடங்கி 2004 வரை தன் பயனர்களுக்கு மறுமொழிப் பெட்டியைத் தரவே இல்லை. அந்த இடைவெளியில்தான் ஹாலோஸ்கேன் போன்ற சேவைகள் முளைத்தன. நாலு வரி நிரல்துண்டை வார்ப்புருவில் ஒட்டினால் போதும், பதிவுக்குக் கீழே மறுமொழிச் சுட்டி வந்துவிடும். பதிவு பிளாகரில், மறுமொழி மூன்றாமவர் சர்வரில். அவசரத் தேவைக்குச் செய்த இந்த ஏற்பாடே பிறகு ஒரு தொழிலாக வளர்ந்தது.

இதே காலத்தில் வேறு வழியில் போன ஒரு தளத்தின் கதையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 1999இல் தொடங்கிய லைவ்ஜர்னலில் மறுமொழிகள் கிளைகிளையாக விரியும். ஒருவர் எழுதிய பத்து வரிக்குக் கீழே நண்பர்கள் நூறு மறுமொழி எழுதுவார்கள். இடுகையைவிட அந்த உரையாடலுக்காகவே பலர் அங்கே இருந்தார்கள். தளத்தின் நிரலும் திறமூலமாக வெளியிடப்பட்டிருந்தது. 2005இல் தளம் சிக்ஸ் அபார்ட் நிறுவனத்துக்குக் கைமாறியது. 2007இல் ரஷ்யாவின் சுப் நிறுவனத்துக்குப் போனது. உரிமையாளர் மாற மாற விதிகளும் மாறின, பயனர்களின் அதிருப்தியும் வளர்ந்தது. சாதாரணமாக இந்தக் கட்டத்தில் பயனர்களுக்கு இரண்டே வழிதான்: சகித்துக்கொண்டு இருக்கலாம், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகலாம். இங்கே மூன்றாவது வழி ஒன்று இருந்தது. லைவ்ஜர்னலில் பணியாற்றிய அனுபவம் கொண்ட டெனிஸ் பாலூச்சி, மார்க் ஸ்மித் இருவரும் அந்தத் திறமூல நிரலை எடுத்து, திருத்தி, 2009இல் டிரீம்வித் என்ற தளத்தைத் திறந்தார்கள். பழைய தளத்திலிருந்த இடுகைகளை மட்டுமல்லாமல் அவற்றுக்கு வந்த மறுமொழிகளையும், யார் எழுதியது, எதற்குப் பதில் என்ற அடையாளத்தோடு, அப்படியே கொண்டுவரும் கருவியையும் சேர்த்தே தந்தார்கள். 2016 கடைசியில் லைவ்ஜர்னலின் சர்வர்கள் ரஷ்யாவுக்கு மாற்றப்பட்டன. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ரஷ்யச் சட்டத்துக்கு உட்பட்ட புதிய பயனர் ஒப்பந்தம் வந்தது. அப்போது வெளியேற நினைத்தவர்களுக்கு, தங்கள் பேச்சு முழுவதையும் தூக்கிக்கொண்டு போக ஓர் இடம் எட்டு ஆண்டுகளாகத் தயாராக இருந்தது. நிரல் மூடியிருந்தால் டிரீம்வித் பிறந்திருக்காது.

வேர்ட்பிரஸின் எழுச்சியும் இதற்கு நெருங்கிய கதைதான். 2001இல் வந்த மூவபிள் டைப் அக்காலத்தின் முன்னணி வலைப்பதிவு மென்பொருள். பதிவர் தன் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம், மறுமொழியும் அங்கேயே சேரும். ஆனால் உரிமம் நிறுவனத்தின் கையில் இருந்தது. 2004 மே மாதம் மூன்றாம் பதிப்பு வந்தபோது, இலவசமாகப் பயன்படுத்த ஒரே எழுத்தாளர், மூன்றே வலைப்பதிவுகள் என்று வரம்பு விதித்தார்கள். பலர் வேறிடம் தேடினார்கள். மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் முந்தைய ஆண்டு மே 27 அன்று வெளியிட்டிருந்த வேர்ட்பிரஸ் கட்டற்ற உரிமத்தில் கிடைத்தது. மூவபிள் டைப்பின் ஏற்றுமதிக் கோப்பில் மறுமொழிகளும் அடங்கியிருந்தன, வேர்ட்பிரஸ் அதை வாங்கிக்கொண்டது. அதனால் வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. வேர்ட்பிரஸின் மறுமொழி அட்டவணையைத் திறந்து பார்த்தால் மர்மம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வரியிலும் எழுதியவர் பெயர், மின்னஞ்சல், ஐபி முகவரி, நேரம், எழுதிய வாசகம், எந்த இடுகைக்கு, எந்த மறுமொழிக்குப் பதில், அனுமதிக்கப்பட்டதா நிறுத்திவைக்கப்பட்டதா என்ற குறி. தரவுத்தளம் ஓரளவு தெரிந்த எவரும் இதைப் படித்துவிடலாம், இருபது ஆண்டு கழித்தும் படிக்கலாம். ஒரு நூலகரின் கண்ணால் பார்த்தால் இதைவிடப் பெரிய வசதி எதுவுமில்லை.

எரிதம்தான் இந்த வழியில் வந்த பெரிய இடைஞ்சல். தேடுபொறியில் ஏறுவதற்காக மாத்திரை, சூதாட்டச் சுட்டிகளை இயந்திரங்கள் ஆயிரக்கணக்கில் மறுமொழியாகக் கொட்டின. 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து, மறுமொழியிலுள்ள சுட்டிகளைக் கணக்கில் எடுக்காமலிருக்க ‘நோஃபாலோ’ என்ற குறியை அறிவித்தன. அதே ஆண்டு அகிஸ்மெட் வந்தது. மறுமொழிகளைத் தன் சர்வருக்கு வரவழைத்து, எரிதமா இல்லையா என்று சொல்லும் சேவை அது. சொருகியின் நிரல் திறந்தது, தீர்ப்புச் சொல்லும் சேவையோ மூடியது. கட்டற்ற மென்பொருளை வைத்திருந்தவர்களும் வாசகர் எழுதியதை வெளியே அனுப்பிச் சான்று வாங்கும் நிலைக்கு வந்தார்கள். குற்றமாக இதைச் சொல்லவில்லை. எரிதத்தின் வேகத்துக்குத் தனி ஆள் ஈடுகொடுக்க முடியாது என்பது உண்மை. அந்த உண்மையைத்தான் அடுத்து வந்த நிறுவனம் முதலீடாக்கியது.

2007இல் டேனியல் ஹா, ஜேசன் யான் இருவரும் தொடங்கிய டிஸ்கஸ், ஹாலோஸ்கேனின் ஏற்பாட்டைப் பல மடங்கு மெருகேற்றியது. ஒரு கணக்கு இருந்தால் எந்தத் தளத்திலும் பேசலாம், எரிதத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், தள உரிமையாளருக்கு வேலையே இல்லை. பெரிய செய்தி நிறுவனங்கள்கூட அதில் சேர்ந்தன. பக்கம் திறந்தபின் ஜாவாஸ்கிரிப்ட் ஓடி, டிஸ்கஸ் சர்வரிலிருந்து உரையாடலைக் கொண்டுவந்து ஒரு சட்டகத்துக்குள் காட்டும். தளத்தின் சொந்தப் பக்கத்தில் வாசகர் சொல் ஒன்றுகூட இருக்காது. இணையக் காப்பகங்கள் அந்தப் பக்கத்தைச் சேமிக்கும்போது பெரும்பாலும் கட்டுரை மட்டுமே சிக்குவதற்குக் காரணம் இதுதான். 2012இல் டிஸ்கஸிலிருந்து 1.75 கோடிப் பயனர்களின் விவரங்கள் களவுபோயிருந்த செய்தி 2017 அக்டோபரில்தான் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் டிஸ்கஸை ஸீட்டா குளோபல் வாங்கியது. அது சந்தைப்படுத்தலுக்கான தரவுகளைக் கையாளும் நிறுவனம். 2021 மே மாதம் நார்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் டிஸ்கஸுக்கு 2.5 கோடி குரோனர் அபராதம் விதிக்கப்போவதாக அறிவித்தது. அரசு ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கே உள்ளிட்ட தளங்களுக்கு வந்துபோன வாசகர்களைச் சட்டப்படியான அடிப்படை இல்லாமல் பின்தொடர்ந்து, விவரங்களை விளம்பரக் கூட்டாளிகளுக்குக் கொடுத்தது என்பது குற்றச்சாட்டு. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நார்வேக்கும் பொருந்தும் என்பதே அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. செய்தி படிக்க வந்து ஒரு சொல்லும் எழுதாமல் போனவரும் இதில் அகப்பட்டார். தள உரிமையாளருக்கு வேலை மிச்சம் பிடித்துக் கொடுத்ததற்கான விலையை அவருடைய வாசகர்கள் கட்டினார்கள்.

தமிழ் வலைப்பதிவுலகமும் இந்தச் சுழலுக்கு வெளியே இருந்ததில்லை. 2003க்குப் பின் ஒருங்குறியில் எழுதத் தொடங்கிய தமிழ்ப் பதிவர்களில் மிகப் பலர் பிளாகரில்தான் வீடு கட்டினார்கள். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், புதிய இடுகைகளோடு அண்மையில் பின்னூட்டம் பெற்ற இடுகைகளையும் திரட்டிக் காட்டியது. அதனால் ஒரு விவாதம் நாட்கணக்கில் உயிரோடு இருந்தது. சாதி, ஈழம், பெண்ணியம், மொழிநடை, இலக்கிய மதிப்பீடு என்று அக்காலத்தில் நடந்த வாதங்களின் பாதி பின்னூட்டங்களில்தான் இருக்கிறது. இடுகையை மட்டும் படிப்பவருக்குப் பாதிதான் கிடைக்கும். 2013 ஏப்ரலில் கூகுள் நிறுவனம், பிளாகரின் மறுமொழிப் பெட்டிக்குப் பதிலாகக் கூகுள் பிளஸ் பெட்டியை வைத்துக்கொள்ளும் தெரிவைத் தந்தது. வைத்துக்கொண்டவர்களின் பக்கத்தில் சேர்ந்த பேச்சு கூகுள் பிளஸின் கணக்கில் ஏறியது. 2019 தொடக்கத்தில் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது அந்த மறுமொழிகள் அழிக்கப்பட்டன. பிளாகர் இன்றும் இருக்கிறது, இடுகைகளும் இருக்கின்றன. அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்திருந்த தமிழ்ப் பதிவுகளில் அந்த ஆண்டுகளின் வாசகர் குரல் மட்டும் இல்லை. இவ்வளவுக்கும் பதிவும் மறுமொழியும் ஒரே நிறுவனத்தின் கூரைக்குக் கீழேதான் இருந்தன.

மறுமொழி என்பதே குப்பைதான், போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் சான்று இருக்கிறது. 2013இல் பாப்புலர் சயின்ஸ் இதழ் மறுமொழிப் பகுதியை மூடியது. நாகரிகமற்ற மறுமொழிகள் கட்டுரையைப் பற்றிய வாசகரின் புரிதலையே திரித்துவிடுகின்றன என்ற ஆய்வை அது காரணமாகக் காட்டியது. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் என்பிஆர் வானொலியும் மூடியது. அந்த ஜூலையில் அதன் தளத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 3.3 கோடி பேர், வந்த மறுமொழிகள் 4,91,000. அவற்றை எழுதியவர்களோ 19,400 பேர்தான். சிறு கூட்டத்தின் சத்தத்தைப் பொதுமக்கள் கருத்தாக நினைத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானது. ஆனால் எது குப்பை, யார் மேல் கொட்டப்படுகிறது என்பதைக்கூட, வைத்திருப்பவரால்தான் சொல்ல முடியும். அதே 2016 ஏப்ரலில் லண்டன் கார்டியன் நாளிதழ், தன்னிடம் சேர்ந்திருந்த 7 கோடி மறுமொழிகளை, மட்டுறுத்துநர்கள் நீக்கியவை உட்பட, ஆராய்ந்து வெளியிட்டது. மிக அதிகமாக வசவு வாங்கிய 10 எழுத்தாளர்களில் 8 பேர் பெண்கள், மற்ற இருவர் கறுப்பின ஆண்கள். ஓர் இதழ் தன் வாசகர்களைப் பற்றியும் தன் அறையில் வேலை செய்பவர்கள் படும் பாட்டைப் பற்றியும் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்தது, நீக்கிய வரிகள் உட்பட எல்லாம் அதன் கையில் இருந்ததால்தான். மூட முடிவெடுப்பதாக இருந்தாலும் கையில் வைத்திருந்து மூடுவதே நேர்மை.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. திறமூல மென்பொருளும் செத்துப்போகிறதே? உண்மைதான். ஸ்கூப் என்ற கட்டற்ற மென்பொருளில், தன் சர்வரிலேயே ஓடிய குரோஷின் தளம் ஒரு காலத்தில் ஸ்லாஷ்டாட்டுக்கு ஈடாகப் பேசப்பட்டது. 2016இல் அது அணைந்துபோனது. உரிமம் திறந்திருந்தது, ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அண்மைக் காலத்தில் பலர் விரும்பிய கமென்டோவின் பராமரிப்பும் நின்றுபோனது. ஆனால் நின்றபின் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கமென்டோவின் நிரலை எடுத்து கமென்டாரியோ என்ற பெயரில் வேறொருவர் வளர்த்தார். பயனர்கள் தங்கள் தரவுத்தளத்தோடு அங்கே மாறிக்கொள்ள முடிந்தது. கோரல் திட்டமும் இப்படித்தான் பிழைத்தது. 2014இல் மொசில்லா, நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் மூன்றும் நைட் அறக்கட்டளையின் நிதியோடு தொடங்கிய முயற்சி அது. செய்தித்தளங்களுக்கென்றே, மட்டுறுத்துநரின் வேலையை மையமாக வைத்து எழுதப்பட்டது. 2017இல் வாஷிங்டன் போஸ்டில் நடைமுறைக்கு வந்தது, 2019இல் வாக்ஸ் மீடியாவின் பொறுப்புக்குப் போனது. பொறுப்பாளர் மாறினாலும் அபாச்சி உரிமம் மாறவில்லை, பயன்படுத்திய இதழ்களின் தரவும் பறிபோகவில்லை. எந்த மென்பொருளும் சாகும். செத்தபின் வாசகர் சொல்லுக்கு என்ன ஆகும் என்பதில்தான் இரண்டு வகைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

சர்வர் நடத்தத் தெரியாத தனி எழுத்தாளர் என்ன செய்வார் என்பது மூன்றாவது கேள்வி. மார்ட்டின் ஸிம்மர்மான் 2012இல் தொடங்கிய இஸ்ஸோ இவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. பைத்தானில் ஓடும் சிறு மென்பொருள். எல்லா மறுமொழிகளும் ஒரே ஒரு எஸ்க்யூலைட் கோப்பில். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்தால் காப்பு முடிந்தது. டிஸ்கஸிலிருந்தும் வேர்ட்பிரஸிலிருந்தும் பழையவற்றை இறக்குமதி செய்யும் வசதியும் உண்டு. ரிமார்க்42வும் இதே வகை, சற்றுக் கூடுதல் வசதிகளோடு. இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நிரல் எழுதுபவர்களிடையே பரவலான அட்டரன்ஸஸ், கிஸ்கஸ் இரண்டும் திறமூலம்தான். ஆனால் மறுமொழிகள் சேர்வது கிட்ஹப்பில். கிட்ஹப் 2018இல் 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட்டின் கைக்குப் போனது. கிட்ஹப் கணக்கு இல்லாத வாசகர் அங்கே வாயே திறக்க முடியாது. நிரலாளர் தளத்துக்கு இது பொருந்தலாம், சிறுகதை விமர்சிக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்குப் பொருந்தாது. திறமூலம் என்ற முத்திரையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள்.

சொந்தமாக வைத்திருப்பதில் பொறுப்பும் வருகிறது என்பதை மறைக்கக் கூடாது. எஸ்டோனியாவின் டெல்ஃபி செய்தித்தளத்தில் 2006இல் ஒரு கப்பல் நிறுவனம் பற்றிய செய்திக்கு 185 மறுமொழிகள் வந்தன. அவற்றில் சுமார் 20 மிரட்டலும் வசவுமாக இருந்தன. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2015 ஜூனில் தளத்துக்கு எதிராகவே முடிந்தது. இழப்பீடு 320 யூரோதான், ஆனால் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாகிவிட்டது. பெட்டியை வேறொருவரிடம் விட்டால் இந்தப் பொறுப்பு கழன்றுவிடும் என்று நினைப்பதற்கு ஆதாரமில்லை; உங்கள் செய்திக்குக் கீழே தெரிவது உங்கள் பக்கம்தான். மட்டுறுத்த நேரமில்லாதவர், தேர்ந்தெடுத்த கடிதங்களைத் தாமே இடுகையாக வெளியிடலாம். ஜெயமோகனின் தளத்தில் வாசகர் கடிதங்கள் தனி இடுகைகளாகவே வருகின்றன, கட்டுரைகளோடு கட்டுரையாகச் சேமிக்கப்படுகின்றன. அடிசனின் காலத்து வழிதான் அது, இன்றும் செல்லுபடியாகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. மட்டுறுத்துநர் குழு வைத்திருக்கும் இதழுக்குக் கோரல், வேர்ட்பிரஸில் எழுதுபவருக்கு வேர்ட்பிரஸின் சொந்த மறுமொழிப் பெட்டி, நிலைப்பக்கங்களில் தளம் நடத்தும் தனியாளுக்கு இஸ்ஸோ. ஏற்கெனவே வேறொரு சேவையில் இருப்பவர்கள் மாறுவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் அதன் ஏற்றுமதிப் பொத்தானைத் தேடி, வரும் கோப்பைத் திறந்து, வாசகர் பெயரும் தேதியும் பதிலுக்குப் பதில் என்ற வரிசையும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொத்தானே கிடைக்காவிட்டால், இருக்கும் மறுமொழிகளைப் பக்கம் பக்கமாகவாவது இந்த வாரமே நகலெடுத்து வையுங்கள்.